குழலைக் குறைக்காமல் துப்பாக்கியைக் குறைத்த கதை

நம் ராணுவத்தின் இன்சாஸ் ரைஃபிளின் மொத்த நீளம் 960 மில்லிமீட்டர், அதில் சுடுகுழல் மட்டும் 464. இஸ்ரேலின் டேவோர் டிஏஆர்-21 மொத்தமே 720தான், ஆனால் அதன் குழல் 460. இரண்டும் சுடுவது 5.56 மில்லிமீட்டர் தோட்டாவைத்தான். குழலில் வெறும் நாலு மில்லிமீட்டர் வித்தியாசத்தை வைத்துக்கொண்டு துப்பாக்கியில் 24 சென்டிமீட்டரை எப்படி மிச்சம் பிடித்தார்கள் என்பதுதான் புல்பப் வடிவமைப்பின் மொத்தக் கதையும். மெஷின் டிசைன் வேலையில் இருக்கிற எனக்கு இந்தத் துப்பாக்கிகள் மேல் இருக்கிற பித்துக்கும் அதுவேதான் காரணம்.

சாதாரண ரைஃபிளில் ட்ரிக்கருக்குப் பின்னால் வருகிற கட்டை தோளில் முட்டுக் கொடுக்க மட்டும்தான். எம்-16 வகையில் அதற்குள் ஒரு ஸ்பிரிங் ஓடும், மற்றபடி கிட்டத்தட்ட ஒரு அடி இடம் சும்மா கிடக்கிறது. புல்பப்பில் தோட்டாவைத் தள்ளிப் பூட்டுகிற போல்ட், அது வெடிக்கிற சேம்பர், தோட்டாப் பெட்டியான மேகசின் எல்லாவற்றையும் தூக்கி அந்தக் கட்டைக்குள்ளேயே வைத்துவிட்டு, ட்ரிக்கரையும் கைப்பிடியையும் முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். குழல் எவ்வளவு நீளம் வேண்டுமோ அவ்வளவு நீளம் இருந்துகொள்ளலாம்.

குழல் நீளமாக இருந்தால் என்ன, குட்டையாக இருந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: 5.56 குண்டின் எடை சுமார் நாலு கிராம்தான், அதன் பலம் முழுக்க வேகத்தில் இருக்கிறது. குழல் குறுகினால் பின்னாலிருந்து வாயு தள்ளுகிற தூரம் குறையும், வேகமும் குறையும். அமெரிக்கர்கள் 508 மில்லிமீட்டர் குழல் கொண்ட எம்-16ஐக் கையடக்கமாக்கி எம்-4 செய்தபோது குழலை 368க்கு வெட்டினார்கள், அந்த வேகக்குறைவை ஏற்றுக்கொண்டார்கள். ஆஸ்திரியாவின் ஸ்டெயர் ஆக் அதே 508 குழலை 790 மில்லிமீட்டருக்குள் அடக்கிவிட்டது. இந்த ஒரு கணக்கைப் பார்த்த அன்றைக்கே நான் விழுந்துவிட்டேன்.

நீளம் ஏன் இவ்வளவு பெரிய பிரச்சினை என்பதை எனக்குப் புரியவைத்தது என் சித்தப்பா. ராணுவத்தின் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்று, பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிற அதன் எம்இஜி சென்டருக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறார். அவர் காலத்து ராணுவ ரைஃபிள் எஸ்எல்ஆர், நீளம் ஒரு மீட்டருக்கும் மேலே. “ஒன்-டன் வண்டியில பத்துப் பேர ஏத்தி, சட்டுனு இறங்குன்னு சொன்னா, முதல்ல மாட்டுறது மனுஷன் இல்லடா, துப்பாக்கிதான்” என்பார். கவச வண்டி, ஹெலிகாப்டர், படகு, குறுகலான மாடிப்படி, எல்லாவற்றிலும் இதே கதைதான். மடக்குக் கட்டை வைத்த துப்பாக்கி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் மடக்கிய நிலையில் தோளில் வைத்துக் குறிபார்க்க முடியாது, விரிக்க ஒரு கணம் வேண்டும், கதவைத் திறந்து நுழைகிறவனுக்கு அந்தக் கணம் கிடைக்காது.

இந்த எஸ்எல்ஆருக்குப் பின்னால் ஒரு புல்பப் கதை உண்டு. பிரிட்டன் 1951ல் இஎம்-2 என்ற புல்பப்பைத் தன் ராணுவத்துக்கு அதிகாரபூர்வமாகவே ஏற்றுக்கொண்டது, 7 மில்லிமீட்டர் தோட்டாவோடு. அந்த வருடக் கடைசியில் சர்ச்சில் ஆட்சிக்கு வந்ததும் முடிவு மாறியது, நேட்டோ 7.62 தோட்டாவின் பக்கம் போனது, பிரிட்டன் பெல்ஜியத்தின் வழக்கமான வடிவ எஃப்ஏஎல் ரைஃபிளை எடுத்துக்கொண்டது. நம் எஸ்எல்ஆரும் அந்த எஃப்ஏஎல் குடும்பம்தான். தோட்டாவைப் பற்றிய அந்த ஒரு முடிவு வேறு மாதிரி போயிருந்தால் துப்பாக்கிகளின் வரலாறே வேறு மாதிரி இருந்திருக்கும் என்று இன்றைக்கும் எனக்கு ஆதங்கம் உண்டு.

அப்புறம் கால் நூற்றாண்டு கழித்து 1977ல் ஆஸ்திரியா ஆக் ரைஃபிளை ஏற்றுக்கொண்டது. இதைப் பற்றி மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுவேன். வெளி உடல் முழுக்க பாலிமர், மேகசின் உள்ளே எத்தனை தோட்டா இருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம், குழலை ஒரு தாழ்ப்பாளை அமுக்கித் திருப்பிக் கழற்றிவிடலாம். ட்ரிக்கரைப் பாதி அழுத்தினால் ஒரு தோட்டா, முழுக்க அழுத்தினால் தொடர்ச்சியாகச் சுடும், அதற்கென்று தனி விசை கிடையாது. இதையெல்லாம் விட எனக்குப் பிடித்தது தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கிற அதன் ஹாமர் பாகம்: ஸ்பிரிங்குகளையும் பின்களையும் தவிர்த்து அதுவும் பிளாஸ்டிக். 1970களில் ஒருவர் இதை வரைபடத்தில் போட்டு மேலதிகாரியிடம் கொண்டுபோயிருக்கிறார், அவரும் சரி செய்து பாருங்கள் என்றிருக்கிறார்! அந்த அலுவலகத்தில் வேலை பார்த்திருக்கலாம் என்று தோன்றும்.

கையில் பிடித்துப் பார்த்தது பெங்களூரு எலகங்காவில் நடக்கிற ஏரோ இந்தியா கண்காட்சியில். விமானங்களை அண்ணாந்து பார்க்கிற கூட்டத்தை விட்டுவிட்டு கூடத்துக்குள் போனால் சிறு ஆயுதங்களும் வைத்திருப்பார்கள். அங்கே ஒரு டேவோர். எடையெல்லாம் பின்னால், கைப்பிடிக்கும் தோளுக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்வதால், இடது கையை எடுத்துவிட்ட பிறகும் முனை தாழவில்லை. கயிற்றில் இறங்குகிறவனுக்கும், கப்பல் பக்கவாட்டில் ஏணி ஏறுகிறவனுக்கும் ஒரு கை சும்மா கிடைப்பது எவ்வளவு பெரிய உதவி! ஆனால் மேகசினைக் கழற்றப் போனபோதுதான் சங்கடம் தெரிந்தது. கை தன்னால் முன்னால்தான் போகிறது, மேகசினோ அக்குளுக்குக் கீழே இருக்கிறது, குனிந்து பார்க்காமல் அதை மாட்ட நிறையப் பழக்கம் வேண்டும். குப்புறப் படுத்துக்கொண்டு மாற்றுவது இன்னும் கஷ்டம்.

ட்ரிக்கரும் அப்படித்தான். விரல் முன்னால், ஹாமர் பின்னால், நடுவில் ஒரு நீளமான கம்பி. பழைய சைக்கிளின் ராடு பிரேக்கைப் பிடிப்பது போல, அழுத்துவது ஒரு இடம், வேலை நடப்பது வேறு இடம், இடையில் கொஞ்சம் தொளதொளப்பு. எத்தனை நல்ல புல்பப்பிலும் இது முழுக்கப் போகாது என்பது என் எண்ணம், கம்பியின் நெளிவும் உராய்வும் எங்கே போகும்?

இதைவிடப் பெரிய சிக்கல் இடக்கைக்காரர்களுக்கு. சேம்பர் கன்னத்தை ஒட்டி இருப்பதால், வலப்பக்கம் தெறிக்கிற காலி கேஸ் இடது தோளில் வைத்துச் சுடுகிறவனின் முகத்துக்கு நேரே வரும். பிரிட்டனின் புல்பப்பான எல்-85ல் எல்லோருக்குமே வலது தோளில்தான் பயிற்சி, வேறு வழி கிடையாது. இடக்கைக்காரரான என் சித்தப்பா இதைக் கேட்டுவிட்டு, சுவரின் இடது ஓரத்திலிருந்து எட்டிச் சுட வேண்டியிருந்தால் வலக்கைக்காரனும்தானே மாட்டுவான் என்றார். சரியான கேள்வி. டேவோரில் போல்ட்டை மாற்றிப்போட்டு இடப்பக்கம் தெறிக்க வைக்கலாம், ஆனால் அது பட்டறையில் உட்கார்ந்து செய்கிற வேலை, சண்டை நடுவில் தோள் மாற்றுவதற்கு உதவாது. பெல்ஜியத்தின் எஃப்2000 காலி கேஸ்களை ஒரு குழாய் வழியாக முன்பக்கமாகத் தள்ளிவிடுகிறது, எனக்குத் தெரிந்து இந்தப் பிரச்சினைக்கு வந்த மிக அழகான விடை அதுதான்.

முகத்துக்கு அருகில் தோட்டா வெடிப்பதை மிகவும் யோசித்துச் செய்தவர்கள் சிங்கப்பூர்க்காரர்கள். 1999ல் வந்த அவர்களுடைய சார்-21ல் கன்னம் படுகிற இடத்தில் குண்டு துளைக்காத உடைகளில் வருகிற கெவ்லார் தகடு வைத்திருக்கிறார்கள், 1.5 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கியும் உடலோடு சேர்த்தே வருகிறது. புல்பப்பில் முன் குறிக்கும் பின் குறிக்கும் நடுவே இடம் குறைவு என்பதால் இந்தத் தொலைநோக்கி அலங்காரத்துக்கு வைத்தது அல்ல, ஆக்கிலும் அதே காரணத்துக்காகத்தான் இருந்தது. அங்கே தேசிய சேவைக்குப் போகிற தமிழ்ப் பையன்கள் எல்லாம் இந்தத் துப்பாக்கியோடுதான் இரண்டு வருடம் இருக்கிறார்கள். என் பெரியம்மா பேரன் அதைப் பற்றி ஆரம்பித்தால் போனை வைக்க மனசு வராது, எனக்கும் அவனுக்கும்.

இப்போது காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரான்ஸ் தன் ஃபமாஸ் புல்பப்பைக் கைவிட்டு 2016ல் ஜெர்மனியின் வழக்கமான வடிவ ஹெச்கே-416ஐத் தேர்ந்தெடுத்தது. சீனா தன் க்யூபிஇசட்-95 புல்பப்புக்குப் பதிலாக 2019 அணிவகுப்பில் வழக்கமான வடிவத்தில் 191ஐக் காட்டியது. நியூசிலாந்தும் ஆக்கை விட்டது. பிரிட்டன் 2023ல் தன் ரேஞ்சர்களுக்கும் கமாண்டோக்களுக்கும் எம்-16 குடும்பத்து ஏஆர் வகையைக் கொடுத்தது. விளக்கு, லேசர், குறிநோக்கி என்று மாட்டுவதற்கு முன்பக்கம் நீளமான இடம் வேண்டும், புல்பப்பில் அது இல்லை. உயரத்துக்கும் கவச உடைக்கும் ஏற்றபடி கட்டையை நீட்டிச் சுருக்கவும் முடியாது, உள்ளே போல்ட் ஓடுகிறதே. குட்டைக் குழலுக்கென்றே நல்ல தோட்டாக்களும் வந்துவிட்டன.

இதனால் புல்பப் செத்துவிட்டது என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆஸ்திரியா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் எல்லாம் இன்னும் இதையே வைத்திருக்கின்றன. முனையில் சைலன்சர் மாட்டுவது அதிகமாகிக்கொண்டே போகிறது, அதற்கே ஒரு சாண் நீளம் கூடுதலாக வேண்டும், அந்த ஒரு சாணைத் தாங்குகிற இடம் புல்பப்பில் மட்டும்தான் மிச்சமிருக்கிறது.

நம் ராணுவம் பொதுவான ரைஃபிளாக வழக்கமான வடிவத்து ஏகே-203ஐ எடுத்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். லட்சக்கணக்கான பேருக்குப் பழகிய கைவாக்கை மாற்றிப் பயிற்சி கொடுப்பது சின்ன வேலை இல்லை. டேவோரை ராணுவத்தின் பாரா சிறப்புப் படை, கடற்படையின் மார்கோஸ், விமானப்படையின் கருட் என்று ஹெலிகாப்டரிலும் படகிலும் போகிறவர்களுக்குக் கொடுத்ததும் சரி. டேவோரின் குட்டை வடிவமான, 330 மில்லிமீட்டர் குழல் கொண்ட எக்ஸ்-95ல்தான் எனக்கு மனசு ஒட்டவில்லை. மொத்த நீளம் 580 என்பது பார்க்க அழகுதான், ஆனால் குழலைக் குறைக்காமலே துப்பாக்கியைக் குறைக்கத்தானே இந்த வடிவமே வந்தது? என்னிடம் கேட்டால் நீளக் குழல் டேவோரைத்தான் கொடுக்கச் சொல்வேன்.