பக்லாவா பழகுகிறேன்: நெய், பருப்பு, பாகு

காகிதம்போல் மெல்லிய மாவுத் தாள்களை (ஃபிலோ) நெய் தடவி அடுக்கி, நடுவே பருப்பு வைத்து வேகவைத்து, பாகு ஊற்றுகிற இனிப்புதான் பக்லாவா. கடையில் வாங்கும் ஃபிலோ தாளை வைத்து அதைச் செய்வது கைக்கு வந்துவிட்டது. அதனால் இந்த முறை மூன்று சிறிய தட்டுகளில் மூன்று ஊர்ப் பக்குவத்தைச் செய்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ருசி பார்த்தேன். துருக்கி, கிரேக்கம், சிரியா, லெபனான், ஆர்மீனியா, அஜர்பைஜான், ஈரான் என எல்லா இடத்திலும் இதைத் தங்கள் வீட்டுப் பலகாரமாகவே நினைக்கிறார்கள். அந்தக் காலத்துத் துருக்கிப் பேரரசான ஒட்டோமான் அரண்மனையில் ரமலான் 15ஆம் நாள் பத்து வீரர்களுக்கு ஒரு தட்டு என்று பக்லாவா கொடுத்து அனுப்புவார்களாம்.

தாளுக்குத் தடவ உருக்கின நெய்தான் சரி. வெண்ணெயை அப்படியே தடவினால் அதிலுள்ள தண்ணீர் தாளை நமுக்க வைக்கும், கசண்டு கருகும். பக்லாவாவுக்குப் பேர்போன துருக்கி ஊரான காசியான்டெப்பிலும் உருக்கின நெய்தான், ஆனால் ஆட்டுப்பாலில் எடுத்தது. அந்த வாசனை என் பசு நெய்யில் வராது.

முதல் தட்டு அந்த ஊர் முறை. பாலில் ரவையைக் கூழாக வேகவைத்து மெல்லிசாகப் பரப்பி, மேலே பொடித்த பிஸ்தாவை அள்ளிப் போட்டேன். மசாலா எதுவும் கிடையாது. அங்கே பிஸ்தாவை முழுதாகப் பழுக்கும் முன்பே பறிப்பதால் நல்ல பச்சையாக, மணமாக இருக்கும். 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் காசியான்டெப் பக்லாவாவுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தது.

இரண்டாவது கிரேக்க முறை: அக்ரூட், பட்டை, கிராம்பு, பாகில் தேன். மூன்றாவதில் அஜர்பைஜானில் நவ்ரூஸ் என்கிற வசந்தகாலப் புத்தாண்டுப் பண்டிகைக்குச் செய்வதுபோல அக்ரூட்டோடு ஏலக்காய். மேலே முட்டை மஞ்சள் கருவில் குங்குமப்பூ கலந்து தடவி, ஒவ்வொரு துண்டின் நடுவிலும் ஒரு பருப்பைப் பதித்தேன். ஏலக்காயும் நெய்யும் சேர்ந்ததால் நம் நாக்குக்குச் சட்டென்று பிடித்துப்போவது இதுதான். எனக்கு என்னவோ முதல் தட்டுதான் உசத்தி. மசாலா இல்லாததால் நெய்யும் பிஸ்தாவும் தனித்தனியாகத் தெரிகின்றன.

அடுப்பில் வைக்கும் முன்பே அடிவரை வெட்டிவிட வேண்டும். வெந்தபிறகு கத்தி வைத்தால் மேல்தாள் நொறுங்கும், பாகும் கீழே இறங்காது. 170 டிகிரியில் நிதானமாக, அடித்தாளும் சிவக்கும் வரை விட்டேன்.

பாகுதான் உயிர். குலாப் ஜாமூனுக்கு வைக்கிற பிசுக்குப் பதத்துக்குக் கொஞ்சம் மேலே, கம்பிப் பதத்துக்கு முன்னால் இறக்கிவிடுகிறேன். எலுமிச்சைச் சாறு சில சொட்டு கட்டாயம். அந்தப் புளிப்பு சர்க்கரையில் ஒரு பங்கை குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று பிரித்துவிடுவதால் மறுநாள் பாகு பூத்துப்போகாது. சூடான தட்டில் ஆறின பாகு ஊற்றுவது வீட்டு வழக்கம். காசியான்டெப் கைகாரர்கள் இரண்டையுமே கொதிக்கக் கொதிக்கச் சேர்ப்பார்கள். முதல் தட்டில் அப்படியே செய்தேன். பாகு விழுந்ததும் சுர்ரென்று பொங்கியது, ஆறினபிறகும் மேல்தாள் மொறுமொறுப்பு போகவில்லை.

இப்போது தாளையும் நானே தேய்த்துப் பழகுகிறேன். சின்னச் சின்ன உருண்டைகளைச் சிறு வட்டமாக்கி, நடுவே கார்ன்ஃப்ளார் தூவி அடுக்கி, மொத்தமாகச் சேர்த்துத் தேய்க்க வேண்டும். பின்னால் பிடித்த கை நிழலாகத் தெரிகிற அளவுக்கு மெலிகிறது, ஓரம் மட்டும் இன்னும் தடிமன். அஜர்பைஜான் தலைநகரான பாகூவின் முறையில் ஈஸ்ட் மாவு, அடுக்கும் குறைவு. அதைத்தான் அடுத்து எடுக்கப் போகிறேன்.