தட்டு கழுவும் குழாயடியில் ஆரம்பித்தது

பாம்பன் தீவில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். பிள்ளைகளில் பெரும்பாலோர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். அப்பாக்கள் விசைப்படகிலோ நாட்டுப்படகிலோ போவார்கள், அம்மாக்களில் சிலர் கடலில் இறங்கிப் பாசி எடுப்பார்கள். 2023 ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் சண்டை இல்லாத நாளே இல்லை. மதியச் சாப்பாடு முடிந்து மணி அடிக்கும்போது எவனாவது சட்டை கிழிந்து நிற்பான். பாதி பீரியட் பஞ்சாயத்திலேயே போய்விடும்.

பிள்ளைகளை அடிக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அடிக்காமல் வேறு என்ன செய்வது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பிரம்பு போன இடத்தில் கத்தல் வந்தது. அப்புறம் "அப்பாவைக் கூட்டிட்டு வா". அப்பா கடலில் இருப்பார். அன்றைய பாசிக் கூலியை விட்டுவிட்டு அம்மா வருவார், வந்து எங்கள் முன்னாலேயே பையனை அறைவார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குத் தாங்கவில்லை.

அப்போதுதான் நேர்மறை நடத்தை ஆதரவு என்ற முறையைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவில் ராப் ஹார்னர், ஜார்ஜ் சுகாய் போன்றவர்கள் பள்ளிகளுக்காக வளர்த்தெடுத்தது. ஒரு பிள்ளை ஏன் அப்படி நடந்துகொள்கிறது, எதையாவது பெறவா, எதிலிருந்தாவது தப்பிக்கவா என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். எப்படி நடக்க வேண்டும் என்பதை அந்தந்த இடத்திலேயே செய்து காட்டிப் பழக்க வேண்டும். தலைமை ஆசிரியரிடம் கேட்டேன். "சரி டீச்சர், ஒரு மாசம் பாருங்க" என்றார்.

ஒரு நாற்பது பக்க நோட்டு. ஐந்து கட்டம்: எப்போது, எங்கே, யார், அதற்குச் சற்று முன் என்ன, அப்புறம் என்ன. யார் மேல் தப்பு என்று எழுத இடமே வைக்கவில்லை. ஜூலை முழுக்க எழுதினோம்.

மாதக் கடைசியில் நோட்டைப் புரட்டியபோது எனக்கு வெட்கமாக இருந்தது. சண்டைகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில், தட்டு கழுவும் குழாயடியில். நான்கு குழாயில் இரண்டில்தான் தண்ணீர் வரும். மூன்று வகுப்பும் ஒரே நேரத்தில் அங்கே போய் நிற்கும். அடுத்தது, செவ்வாயும் வியாழனும் முதல் பீரியட். இங்கே விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும், மறுநாள் காலையில் கரை திரும்பும். விடியும் முன்பே பையன்கள் கரைக்குப் போய்விட்டு, சாப்பிடாமல், தூக்கம் தீராமல் அப்படியே பள்ளிக்கு வருகிறார்கள். ஆகஸ்ட் 25இலிருந்து காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்க வகுப்புகளுக்கும் வந்தது. அது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாம் வகுப்புப் பையன் உப்புமா வாசனையைத் தாண்டித்தான் தன் வகுப்புக்குப் போவான். திமிர் என்று நாங்கள் பேர் வைத்திருந்தது பசி.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசிக் குழாய்களைச் சரிசெய்தோம். வகுப்புகளைப் பத்து நிமிட இடைவெளி விட்டுச் சாப்பிட அனுப்பினோம். செவ்வாய், வியாழன் காலையில் சுண்டல், ஆசிரியர்கள் காசு போட்டு. அந்த நாட்களில் கணக்குப் பாடம் மூன்றாம் பீரியடுக்குப் போனது.

விதிகள் எழுதியதில் ஒரு தவறு செய்தோம். 'மதிப்போடு நடப்போம்' என்று சார்ட்டில் எழுதி ஒட்டினோம். "அப்படின்னா என்ன செய்யணும் டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. கிழித்துவிட்டுப் பிள்ளைகளையே எழுதச் சொன்னேன். குழாயடிக்கு அவர்கள் எழுதியது: "முன்னால நிக்கிறவன் கழுவி முடிக்கட்டும்." படகில் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் வலை சிக்கிக்கொள்ளும், அதே மாதிரிதான் இதுவும் என்று எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் சின்னவர்களுக்கு விளக்கினான். மூன்று நாள் வெறும் தட்டோடு வரிசையில் நிற்க வைத்துப் பழக்கினோம்.

நட்சத்திர அட்டை கொடுத்துப் பார்த்தோம். இரண்டே வாரத்தில் நட்சத்திரத்துக்காக அடித்துக்கொண்டார்கள். தனித்தனிப் பரிசை நிறுத்திவிட்டு, வகுப்புக்கே பொதுவாக வெள்ளிக்கிழமைக் கடைசி பீரியடில் கபடி என்று மாற்றினோம். இது நிலைத்தது.

எல்லாவற்றையும் விடக் கடினம் எங்கள் வாயைப் பழக்குவதுதான். ஒரு திருத்தத்துக்கு நான்கைந்து பாராட்டாவது இருக்க வேண்டும் என்பார்கள். மேசையில் இரண்டு டப்பா வைத்துப் புளியங்கொட்டை போட்டு எண்ணினேன். முதல் நாள் பாராட்டு டப்பாவில் இரண்டு, திட்டு டப்பாவில் பத்தொன்பது. 'நல்ல பையன்' என்று பொதுவாகச் சொல்வதும் பயன்படவில்லை. "தள்ளாம நின்னே, பார்த்தேன்" என்று சொன்னால் முகம் மாறுகிறது. மூத்த ஆசிரியர் ஒருவர், செய்ய வேண்டியதைச் செய்ததற்கு எதற்குப் பாராட்டு என்று இன்றும் கேட்கிறார். ஆனால் நோட்டை எங்களை விட ஒழுங்காக எழுதுகிறவர் அவர்தான்.

ஏழாம் வகுப்பில் ஒருவன் மட்டும் எதற்கும் அடங்கவில்லை. அவனுக்குத் தனியாக, நடத்தைக்கு மதிப்பெண் போடும் ஓர் அட்டை போட்டோம். காலையில் இரண்டு நிமிடம், மாலையில் இரண்டு நிமிடம் என்னோடு உட்கார வேண்டும். மூன்று வாரம் நன்றாகப் போனது. அப்புறம் அவன் அப்பா போன படகை இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது. நோட்டில் மறுபடி பக்கத்துக்குப் பக்கம் அவன் பெயர். மதிப்பெண் போடும் அட்டையை நிறுத்திவிட்டேன், காலை இரண்டு நிமிடத்தை நிறுத்தவில்லை. சில நாள் ஒன்றுமே பேச மாட்டான். சில நாள் "இன்னைக்கு கோர்ட்டு டீச்சர்" என்பான், அவ்வளவுதான். அப்பா திரும்பி வந்த பிறகும் காலையில் வந்து உட்கார்ந்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போனான்.

இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது. குழாயடி அதில் அபூர்வமாகத்தான் வருகிறது. பழைய இரண்டு நோட்டையும் ஒரு நாள் சேர்த்து வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பெண்பிள்ளைகள் பெயர் அதில் ஏறக்குறைய இல்லை. சண்டை போடாதவர்களை நாங்கள் கவனிக்கவே இல்லை. அம்மா பாசிக்குப் போகும் நாளில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடுகிற பெண்கள், வந்தாலும் கடைசி பெஞ்சில் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்கிற பெண்கள். இந்த வருடம் ஆறாவதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறோம்: இன்று யார் வாயே திறக்கவில்லை.