மஞ்சள் கட்டங்கள்

மார்ச் 2
அப்பாவின் ரிப்போர்ட் நாளைக்குத்தானாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எக்செல் சம்பள ஷீட்டைப் பார்க்கிறேன். 47ஆம் வரிசை, பேக்கிங் அக்கா. பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 13,500. பி.எஃப். 1,380. பேசிக்கில் 12 சதவீதம் என்றால் 1,620 வரவேண்டுமே. கட்டத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஃபார்முலாவே இல்லை, வெறும் எண்.

மார்ச் 3
ரிப்போர்ட் வரவில்லை.

இரவு: 212 பேர். ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுப் பார்க்கத் தெம்பில்லை. பி.எஃப். பத்தியில் ஹெச்2 முதல் ஹெச்213 வரை தேர்ந்தெடுத்து, நிபந்தனைப்படி நிறம் கொடுக்கும் கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் நாட், இஸ்ஃபார்முலா இரண்டையும் சேர்த்து எழுதி, ஃபார்முலா இல்லாத கட்டத்துக்கு மஞ்சள் கொடுத்தேன். ஒன்றுகூட மாறவில்லை. 47கூட!

மார்ச் 4
டாலர் குறி! மவுஸால் கட்டத்தைத் தொட்டதும் எக்செல் $ஹெச்$2 என்று போட்டுவிட்டது. 212 கட்டங்களும் ஹெச்2 ஒன்றையே பார்த்திருக்கின்றன. அங்கே ஃபார்முலா பத்திரமாக இருக்கிறது, பிறகு எப்படி நிறம் மாறும்? இரண்டு டாலரையும் அழித்தேன். ஒன்பது இடத்தில் மஞ்சள்.

அப்பா இரண்டு வாய் கஞ்சி குடித்தார்.

மார்ச் 5
ஒன்பது பேருக்கும் அக்டோபரில்தான் சம்பள உயர்வு. பழைய ஃபைலைத் திறந்தேன். அப்பாவை முதன்முதலில் இங்கே கொண்டுவந்த வாரம் அது. உயர்வுக் கடிதம் கைக்கு வரவில்லை, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று செப்டம்பர் எண்களை மதிப்பாக மட்டும் ஒட்டியது நான்தான். மாற்றவேயில்லை. அதை வைத்தே மாதாமாதம் நகல் எடுத்திருக்கிறேன். அக்காவுக்கு மாதம் 240 குறை, அக்டோபர் முதல் ஜனவரி வரை நாலு மாதத்துக்கு 960. நிறுவனத்தின் பங்கிலும் அதே அளவு குறை. அவர் மகள் கல்யாணத்துக்கு எடுக்க வைத்திருக்கும் பணம் அது. எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

மார்ச் 6
மேனேஜர் சார், "விடும்மா, இந்த மாசத்துல இருந்து சரி பண்ணிடு" என்றார். முடியாது என்றேன். பாக்கியையும் கட்டத்தான் வேண்டும்.

அக்காவுக்கு போன் செய்தேன். "உங்க பி.எஃப்.ல என்னால தப்பு நடந்துபோச்சுங்க அக்கா." அவர் முதலில் கேட்டது: "அப்பாவுக்கு எப்படி இருக்குது கண்ணு?"

மார்ச் 7
பிப்ரவரி சம்பளம் போட்டாயிற்று. ஒன்பது பேருக்கும் சரியான பிடித்தம்.

மார்ச் 8
தூக்கம் வரவில்லை. சமக்குறி போட்டு =1380 என்று அடித்திருந்தால்? இஸ்ஃபார்முலா அதையும் ஃபார்முலா என்றுதான் சொல்லும், மஞ்சள் வராது. இரண்டாவது விதி போட்டேன்: பேசிக், பி.எஃப். கணக்கின் உச்சவரம்பாக நாங்கள் வைத்திருக்கும் 15,000, இரண்டில் எது குறைவோ அதன் 12 சதவீதத்தோடு கட்டத்திலுள்ள எண் ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு.

131ஆம் வரிசை சிவந்துவிட்டது.

மார்ச் 9
அப்பாவை மறுபடி கீழே ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள்.

மார்ச் 11
131இல் ஃபார்முலா இருக்கிறது. ஆனால் கடைசியில் -100. எதற்காகக் கழித்தேன், யாராவது சொன்னார்களா, எந்த மாதம்? ஜனவரியில் இருக்கிறது. டிசம்பரிலும் இருக்கிறது.

மார்ச் 12
15ஆம் தேதிக்குள் பி.எஃப். பணத்துக்கான சலான் கட்டவேண்டும். நவம்பர் ஃபைலைத் திறந்திருக்கிறேன். அம்மா கூப்பிடுகிறாள், டாக்டர் வந்துவிட்டாராம்.