ஒரு கிலோமீட்டர் வட்டம்

மந்தைவெளியில் ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் இருக்கிறோம். நான் துணிக்கடையில் சேல்ஸ், வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். 2024-இல் மகளுக்கு எல்.கே.ஜி. வயது வந்தபோது, கட்டாயக் கல்விச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஏழை, பின்தங்கிய பிள்ளைகளுக்கு இருக்கும் 25 சதவீத இலவச ஒதுக்கீட்டில் போட்டுப் பார் என்று கடை அக்கா ஒருவர் சொன்னார். விண்ணப்பம் ஏப்ரல் 22 முதல் மே 20 வரை.

வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிகளைத்தான் கேட்கலாம். தினமும் வாசலைத் தாண்டிப் போகும்போது ஆசையாகப் பார்த்த ஒரு பெரிய பள்ளி பட்டியலிலேயே இல்லை. விசாரித்தால், சிறுபான்மையினர் நடத்தும் பள்ளியாம். அவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே சொல்லிவிட்டதாம். சரி, மிச்சம் இருந்ததில் மூன்றைப் போட்டோம்.

பிறப்புச் சான்றிதழ் கையில் இருந்தது. சாதிச் சான்றிதழ் இ-சேவை மையத்தில் அறுபது ரூபாயோடு முடிந்தது. எங்களை அலைய வைத்தது முகவரிதான். ரேஷன் கார்டு இன்னும் மாமியார் வீட்டு விலாசத்தில். வாடகை ஒப்பந்தம் கேட்டால் ஹவுஸ் ஓனர் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுதிக் கொடுத்தால் வீட்டை விட்டுப் போக மாட்டோம் என்று பயம். நாலு நாள் கெஞ்சி, ஒரு மாத வாடகையை முன்கூட்டியே கொடுத்த பிறகுதான் கையெழுத்து விழுந்தது. அதை வைத்து ஆதாரில் முகவரி மாற்றி, கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் விண்ணப்பித்தோம்.

குலுக்கல் பள்ளி வளாகத்திலேயே நடந்தது. எங்களுக்கு முன்னால் காரில் வந்து இறங்கியவர்களும் வரிசையில் நின்றார்கள். தப்பில்லை. வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது நலிவடைந்த பிரிவுக்கு மட்டும்தான். சாதிச் சான்றிதழோடு வருகிறவர்களுக்கு அந்த வரம்பு கிடையாது. ஆனாலும் அந்தக் காரைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது, மறைக்கவில்லை. மகள் பெயர் ஏழாவதாக வந்தது. இருந்த இடங்கள் ஒன்பது.

அப்புறம்தான் அலுவலக அறையில் ஒரு சீட்டை நீட்டினார்கள். கல்விக் கட்டணத்தை அரசு கொடுத்துவிடும், ஆனால் புத்தகம், சீருடை, 'ஆக்டிவிட்டி' எல்லாம் சேர்த்துப் பதினாலாயிரம் கட்டுங்கள் என்றார்கள். சட்டப்படி கேட்கக் கூடாது என்று தெரியும். சேரும் முதல் நாளே சண்டை போட மனசு வரவில்லை. ஏலச்சீட்டை எடுத்துக் கட்டினோம்.

இதைக் கேள்விப்பட்டு என் நாத்தனார் போன் செய்தாள். கூவம் கரையில் இருந்த அவர்கள் வீட்டை எடுத்துவிட்டுப் ஊருக்கு வெளியே பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே ஒரு கிலோமீட்டர் வட்டம் போட்டால் இந்த மாதிரிப் பள்ளி ஒன்றும் மாட்டாது.

"அண்ணி, அடுத்த வருஷம் உங்க வீட்டு அட்ரஸ்லயே என் பையனுக்கும் போட்டுடலாமா?" என்றாள்.

ஹவுஸ் ஓனர் அம்மாவிடம் பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.