பொருந்தாத அந்த ஒரு வரி

பள்ளிக்கூடத்தைப் பற்றியும் என் ஆய்வைப் பற்றியும் இரண்டு சிறு கட்டுரைகள் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டார்கள். ஒன்றாகவே எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். நான் இன்று கலாநிதிப் பட்டத்துக்காகச் செய்யும் ஆய்வு, உயர்தர வகுப்புக் கரும்பலகையின் அடியில் எழுதப்பட்ட ஒரு வரியில் தொடங்கியது.

அன்று முதல் பாடம் கணக்கீடு. எல்லாக் கணக்குகளின் வரவு, செலவு மீதிகளையும் எழுதிக் கூட்டும் பரீட்சை மீதியில் இரு பக்கமும் பொருந்தாவிட்டால், வித்தியாசத்தைத் தற்காலிகமாகத் தொங்கல் கணக்கில் போடுவோம். பிறகு பிழையைத் தேடிப் பிடித்து, நாட்பதிவில் திருத்தி, அந்தக் கணக்கை மூட வேண்டும். மூடாமல் கொடுத்த கொப்பிக்குப் புள்ளி கிடையாது. அடுத்த பாடம் பொருளியல். ரீச்சர் வந்து சென்மதி நிலுவை அட்டவணையை எழுதினார். வணிகமும் வருமானமும் பதியும் நடைமுறைக் கணக்கு, மூலதனக் கணக்கு, வெளிநாட்டுச் சொத்தும் கடனும் பதியும் நிதிக் கணக்கு. ஒரு நாடு வெளியுலகத்தோடு செய்யும் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் இரண்டு இடத்தில் பதியப்படுவதால் மொத்தம் பூச்சியமாக வரவேண்டும் என்றார். கடைசியில் பலகையில் இடம் போதாமல் கொஞ்சம் குனிந்து, சின்ன எழுத்தில் இன்னொரு வரியும் எழுதினார்: வழுக்களும் விடுபாடுகளும். பூச்சியம் வராவிட்டால் பொருந்தாத மிச்சத்தைப் போடும் வரி அது.

நான் எழும்பிக் கேட்டேன். "ரீச்சர், நாங்கள் தொங்கல் கணக்கை மூடாமல் விட்டால் புள்ளி இல்லை. ஒரு நாடு மட்டும் எப்படி மூடாமல் விடலாம்?"

ரீச்சர் கையிலிருந்த வெண்கட்டியை வைத்துவிட்டு யோசித்தார். காலப் பிந்தல் ஒரு காரணம் என்றார். டிசெம்பரில் கப்பலேறிய சரக்குக்கு ஜனவரியில் காசு வந்தால் அந்த ஆண்டுக் கணக்கில் ஒரு பக்கம் மட்டும் நிற்கும். பிறகு, "ஆனா அது மட்டும் இல்லை எண்டுதான் நினைக்கிறன். மிச்சம் எனக்கு முழுசாத் தெரியாது பிள்ளை. நீர் படிச்சுத் தெரிஞ்சுகொண்டு வந்து எனக்குச் சொல்லும்" என்றார். தெரியாது என்று ஓர் ஆசிரியர் முழு வகுப்புக்கும் கேட்கச் சொன்னது எனக்கு அதுதான் முதல் தடவை. அவர்மேல் எனக்கிருந்த மரியாதை அன்று இரட்டிப்பானது.

அதற்குப் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொருளியலும் கணிதமும் சேர்த்து இளமாணிப் படிப்பு, பின்பு முதுமாணி, பின்பு இந்தக் கலாநிதிப் படிப்பு. எங்கள் பிள்ளைகளில் இதைப் பற்றி யோசிப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பொருளியலில் கலாநிதிப் படிப்பின் முதல் வருடம் ஏறக்குறைய முழுக்கக் கணிதம். நுண்பாகப் பொருளியல், பேரினப் பொருளியல், தரவுகளைப் புள்ளிவிபர முறையில் ஆராயும் எக்கொனொமெட்ரிக்ஸ் மூன்றும் வாரம் வாரம் பயிற்சித்தாள்களாக வரும். வருட முடிவில் தகுதிகாண் பரீட்சை. இளமாணிக் காலத்திலேயே உயர்கணிதப் பாடங்களை எடுத்து வைத்தவர்களுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். நான் எடுத்தது குறைவு. அதனால் அந்த வருடம் நித்திரையும் குறைவு.

ஆனால் அந்த வருடத்தில் படித்த இரண்டு கட்டுரைகள் என்னைச் சர்வதேச நிதியியல் பக்கம் இழுத்து வந்துவிட்டன. ஒன்று, 1983-இல் பொருளியலாளர்கள் ரிச்சர்ட் மீஸும் கென்னத் ரோகொஃபும் எழுதியது. வட்டி, பணவீக்கம், பண நிரம்பல் எல்லாவற்றையும் வைத்து நாணயமாற்று வீதத்தை எதிர்வுகூறிய மாதிரிகள், ஒரு வருடத்துக்குட்பட்ட காலத்தில், "நாளைய வீதமும் இன்றைய வீதம்தான்" என்ற வெறும் ஊகத்தைக்கூட வெல்லவில்லை என்று அவர்கள் காட்டினார்கள். மற்றது பொருளியலாளர் ரொபர்ட் லூக்காஸ் 1990-இல் எழுதியது. பாடப்புத்தக மாதிரியின்படி இந்தியாவில் மூலதனத்தின் எல்லை உற்பத்தி, அதாவது இன்னும் ஓர் அலகு மூலதனம் போட்டால் கூடும் உற்பத்தி, அமெரிக்காவில் உள்ளதைப்போல் 58 மடங்கு இருக்கவேண்டும். அப்படியென்றால் உலகத்துக் காசெல்லாம் ஏழை நாடுகளை நோக்கி ஓடியிருக்க வேண்டுமே, ஏன் ஓடவில்லை என்று கேட்டார். இவ்வளவு பெரிய கேள்விகளை இவ்வளவு எளிமையாகக் கேட்கலாம் என்பது எனக்குப் பெரிய சந்தோசம்.

ரீச்சரின் வரி திரும்பி வந்தது இரண்டாம் வருடக் கருத்தரங்கில். ஒரு நாட்டின் கணக்கு பொருந்தாமல் போவது இருக்கட்டும், உலகத்தின் கணக்கே பொருந்துவதில்லை என்று அங்கே அறிந்தேன். ஒரு நாட்டின் ஏற்றுமதி இன்னொரு நாட்டின் இறக்குமதி. ஆகவே எல்லா நாடுகளின் நடைமுறைக் கணக்கையும் கூட்டினால் பூச்சியம் வரவேண்டும். வருவதில்லை. 1980-களின் தொடக்கத்தில் உலகம் முழுவதும் சேர்ந்து பற்றாக்குறையில் இருப்பதுபோல் கூட்டுத்தொகை வந்தது. சர்வதேச நாணய நிதியம் அதை ஆராய ஒரு குழுவை அமைத்து, 1987-இல் அறிக்கை வெளியிட்டது. வெளிநாட்டு முதலீட்டில் கிடைக்கும் வட்டியும் பங்கிலாபமும், கப்பல் போக்குவரத்து வருமானமும் கொடுக்கும் பக்கத்தில் பதியப்பட்டு, பெறும் பக்கத்தில் பதியப்படாமல் போனதே பெரிய காரணங்கள் என்று கண்டார்கள். 2000-களின் நடுப்பகுதிக்குப் பிறகு கூட்டுத்தொகை மறுபக்கம் திரும்பி, உலகமே மிகையில் இருப்பதாகக் காட்டத் தொடங்கியது.

பெறும் பக்கம் ஏன் காணாமல் போகிறது? 2013-இல் பொருளியலாளர் கேப்ரியல் சுக்மான் வெளியிட்ட கட்டுரை இதற்குத் தந்த விளக்கத்தை எங்கள் கணக்கீட்டு வகுப்புப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுக்கலாம். பிரான்சில் இருக்கும் ஒருவர் சுவிஸ் வங்கியொன்றில் கணக்கு வைத்து, அதனூடாக லக்சம்பேர்க்கில் பதிந்த முதலீட்டு நிதியமொன்றின் அலகுகளை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டவருக்கு இவ்வளவு கடப்பாடு, அதாவது கொடுக்கவேண்டியது, என்று லக்சம்பேர்க் எழுதும். சொத்து தன் நாட்டவருடையது அல்ல என்பதால் சுவிற்சர்லாந்து தன் சொத்தாக எழுதாது, அது சரியானதும்கூட. பிரான்சுக்கோ விசயமே தெரியாது. கடப்பாடு பதிவாகிவிட்டது, சொத்தை எழுத ஆள் இல்லை. இப்படி உலகக் கணக்கில் கடப்பாடுகள் சொத்துகளைவிடக் கூடி நிற்கும் இடைவெளியைக் கொண்டு, உலகக் குடும்பங்களின் நிதிச்சொத்தில் ஏறத்தாழ 8 சதவீதம், வரி குறைவாகவும் இரகசியம் கூடுதலாகவும் உள்ள வரிப்புகலிடங்களில் இருப்பதாக அவர் மதிப்பிட்டார்.

அந்தப் பக்கத்தை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. யாரும் கவனிக்காமல் தாண்டிப் போகும் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு தூரம் போகலாம் என்றால், நானும் போகவேண்டும் என்று தோன்றியது.

வெளிநாட்டுக் கம்பனியொன்றை நடத்தும் அளவுக்குப் பங்கு வைத்திருக்கும் நேரடி முதலீட்டிலும் இதே கதை. ஏறத்தாழ ஆறு இலட்சம் பேர் வாழ்ந்த லக்சம்பேர்க்கில், அமெரிக்காவில் உள்ள அளவுக்கு, அதாவது 4 டிரில்லியன் டொலர் வெளிநாட்டு நேரடி முதலீடு இருப்பதாகப் புள்ளிவிபரம் காட்டியது. தொழிற்சாலையும் தொழிலாளரும் இல்லாத வெற்றுக் கம்பனிகளுக்கூடாகக் கடந்து போகும் முதலீடு உலக மொத்தத்தில் 40 சதவீதத்துக்குக் கிட்ட வரும் என்று 2019-இல் சர்வதேச நாணய நிதியத்தினூடாக வெளியான ஆய்வொன்று கணித்தது.

என் ஆய்வு இவர்கள் பார்த்ததற்கு மறு கோடியில் இருக்கிறது. பெருஞ்செல்வர்களின் காசு விடும் இடைவெளியை அவர்கள் தேடினார்கள். நான் தேடுவது உழைப்பாளியின் காசு விடும் இடைவெளியை. வெளிநாட்டில் வாழும் நமக்கு உண்டியல் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. இங்கே ஒருவரிடம் காசைக் கொடுத்தால் அங்கே இன்னொருவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார், எந்த வங்கியும் இடையில் இல்லை. இங்கே சேர்ந்த வெளிநாட்டுக் காசைக் கொண்டு அங்கேயிருக்கும் ஓர் இறக்குமதியாளர் சரக்கு வாங்குகிறார். சரக்கு சுங்கத்தில் பதிவாகும், அதற்கு விலை கொடுத்த காசு அந்த நாட்டுக்குள் நுழைந்ததாகப் பதிவாகாது. அந்த இடைவெளி வந்து விழுவது ரீச்சர் எழுதிய சின்ன வரியில்தான். வங்கி தரும் மாற்றுவீதத்துக்கும் வெளிச்சந்தை வீதத்துக்கும் இடையே தூரம் கூடக்கூட, காசு வங்கியை விட்டு விலகும். அப்போது அந்த வரி எப்படி அசைகிறது, நாணய நெருக்கடி வெடிக்கும் முன்பே அது ஏதும் சொல்கிறதா என்பதுதான் என் கேள்வி.

மூன்றாம் வருடம் எனக்கு மிக அழகான முடிவொன்று கிடைத்தது. ஏழு மாத உழைப்பு. வரைபில் அந்த வரி நெருக்கடிக்கு முன்னர் பாய்ந்து எழும்பியது. மேற்பார்வையாளரும் மகிழ்ந்தார். ஆனால் ஏதோ ஒன்று எனக்கு மனதில் இடறிக்கொண்டே இருந்தது. ஒருநாள் கணினியை மூடிவிட்டு, ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நடுவில் கோடு கிழித்தேன். ஒரே ஒரு நாடு, ஒரே ஒரு வருடம். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு என்று கையால் எழுதிக் கூட்டினேன். நிதிக் கணக்கில் எழுத வேண்டிய பக்கத்துக்கு மறுபக்கத்தில் எழுதியிருந்தேன். சர்வதேச நாணய நிதியத்தின் சென்மதி நிலுவைக் கைநூலின் ஐந்தாம் பதிப்பில் வெளிநாட்டுச் சொத்து கூடினால் கழித்தல் குறி. 2009-இல் வந்த ஆறாம் பதிப்பில் அதே கூடுகைக்குக் கூட்டல் குறி. பழைய தொடரையும் புதிய தொடரையும் ஒட்டிய இடத்தில் சில நாடுகளுக்கு நான் குறியை மாற்றவில்லை. நான் கண்ட பாய்ச்சலில் பெரும்பகுதி என் ஒட்டுத்தான். திருத்தியதும் அழகான வரைபு கரைந்து போனது. மிஞ்சியது ஒரு மெல்லிய அசைவு. அதைத்தான் இன்றுவரை சோதித்துக்கொண்டிருக்கிறேன்.

அழுதேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் அந்தத் தாளை எடுத்துக் கோடு கிழிக்கச் செய்தது, தொங்கல் கணக்கை மூடாத கொப்பியைத் திருப்பித் தந்த அந்த வகுப்பறை. அச்சில் வந்திருக்கக்கூடிய ஒரு பொய்யிலிருந்து அது என்னைக் காப்பாற்றியது.

சென்ற மாதம் ரீச்சரைத் தொலைபேசியில் பிடித்தேன். ஓய்வு பெற்றுவிட்டார், குரல் கொஞ்சம் மெலிந்திருக்கிறது. "ரீச்சர், அந்தத் தொங்கல் கணக்குக் கேள்விக்கு விடை சொல்ல வந்திருக்கிறன்" என்றேன். அவருக்கு அது நினைவில்லை. பரவாயில்லை, எனக்கு இருக்கிறது. பிரான்ஸ்காரர், சுவிஸ் வங்கி, லக்சம்பேர்க் நிதியம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். இடையில் குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும் கேட்டார்:

"ஆரின்ர காசு எண்டு தெரியாட்டி, லாபத்தை ஆருக்கு அனுப்பிறாங்கள்?"

"வங்கிக்குத் தெரியும் ரீச்சர். புள்ளிவிபரம் எடுக்கிறவைக்குத்தான் தெரியாது."

"அப்ப வங்கிக்குத் தெரிஞ்சதைக் கேட்டு வாங்கும் பிள்ளை."

அது நடக்கக்கூடிய காரியம். 2017-இலிருந்து பல நாடுகளின் வரித் திணைக்களங்கள் வெளிநாட்டவர் கணக்கு விபரங்களை ஒன்றுக்கொன்று தாமாகவே பரிமாறிக்கொள்கின்றன. பெயர்களை நீக்கிய மொத்தத் தொகைகளையாவது ஆய்வுக்குத் தரும்படி ஒரு திணைக்களத்துக்கு விண்ணப்பம் எழுதி அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் முதலில் ரீச்சருக்குத்தான் அழைப்பு எடுப்பேன்.