கதவில் 60, காகிதத்தில் 90

"மேம், அவங்க கேட்கிறது பேப்பர்ல ஒரு நம்பர். நீங்க கேட்கிறது மாடல்ல ஒரு கதவு. இன்னைக்கு ராத்திரி போகப்போறது பேப்பர்தானே?"

டீமுக்குப் புதிதாக வந்த பையன் கேட்டது இது. "இல்லப்பா, அது முடியாது" என்று அன்றைக்குச் சட்டென்று சொல்லிவிட்டேன். இப்போது கேட்டால் அவ்வளவு வேகமாகச் சொல்வேனா தெரியவில்லை.

அமெரிக்கக் கட்டட வேலை, ரெவிட் என்ற மென்பொருளில் செய்த மாடல், பெர்மிட் செட் (கட்டட அனுமதிக்கான வரைபடத் தொகுப்பு) அனுப்ப வேண்டிய இரவு. கிழக்குப் படிக்கட்டை பேஸ்மென்ட் வரை இறக்குவதா, பேஸ்மென்ட்டுக்குத் தனிப் படிக்கட்டா என்று ஆர்க்கிடெக்ட் முடிவு சொல்லவில்லை. சின்ன சந்தேகம்தான், ஆனால் கதவையே மாற்றிவிடும். அங்கே பரவலாகப் பின்பற்றப்படும் ஐபிசி என்ற கட்டட விதிகளின்படி, வெளியேறும் படிக்கட்டு நான்கு தளங்களுக்குக் குறைவாக இணைத்தால் சுற்றுச் சுவர் 1 மணி நேரம் தீயைத் தாங்கினால் போதும், கதவு 60 நிமிடம். நான்கோ அதற்கு மேலோ என்றால் சுவர் 2 மணி நேரம், கதவு 90 நிமிடம். பேஸ்மென்ட்டும் தளக் கணக்கில் சேரும். எங்கள் படிக்கட்டு மூன்றா நான்கா என்பதில்தான் எல்லாம் நின்றது. மாடலில் அதுவரை 60.

கிளையன்ட் பக்கத்து கோஆர்டினேட்டர் போனில் சொன்னார்: லைஃப் சேஃப்டி பிளானில் (தீ நேரத்தில் வெளியேறும் வழிகளைக் காட்டும் வரைபடத்தில்) மட்டும் 90 காட்டுங்கள், டோர் ஷெட்யூலை, அதாவது கதவுப் பட்டியலை, தொடாதீர்கள், அது சப்ளையர் கையில் இருக்கிறது.

இதில்தான் சிக்கல். லைஃப் சேஃப்டி பிளான் என்பது எங்கள் தரைத்தள வியூவை (மாடலிலிருந்து எடுக்கும் வரைபடத்தை) 'டூப்ளிகேட் வித் டீட்டெய்லிங்' செய்து எடுத்தது. ரெவிட்டில் வியூவை மூன்று விதமாக நகல் எடுக்கலாம். வெறும் டூப்ளிகேட்டில் குறிப்புகள் எதுவும் வராது. டிபெண்டன்ட்டாக எடுத்தால் குறிப்புகள் இரண்டு வியூவுக்கும் பொது; இங்கே ஒரு டேகை (கதவின் விவரத்தை மாடலிலிருந்து எடுத்துக் காட்டும் குறிப்பை) அழித்தால் அங்கேயும் போய்விடும். வித் டீட்டெய்லிங்கில் ஒவ்வொரு டேகுக்கும் தனி நகல் கிடைக்கும். நகர்த்தலாம், அழிக்கலாம், மூல வியூவுக்கு ஒன்றும் ஆகாது. புதிதாக வருகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். டேக் தனி, அதிலுள்ள எண் தனி இல்லை. எண் கதவிலிருந்து வருகிறது. ஃபயர் ரேட்டிங் (தீயைத் தாங்கும் நேரம்) டைப் பாராமீட்டர், அதாவது ஒரே வகைக் கதவுகளுக்கெல்லாம் பொதுவான விவரம் என்பதால், நகல் டேகில் டபுள் கிளிக் செய்து 90 என்று அடித்தால் அந்த டைப்பில் உள்ள கதவு அத்தனையும் 90 ஆகும். மேற்குப் படிக்கட்டுக்கும் அதே டைப். ஷெட்யூலும் கூடவே மாறும். 'டைப் பாராமீட்டரை மாற்றுகிறீர்கள், பல எலிமென்ட்டுகளைப் பாதிக்கலாம்' என்று மென்பொருள் கேட்கத்தான் செய்யும். ராத்திரி பத்து மணிக்கு அதை யார் படிக்கிறார்கள்?

அவன் படித்திருந்தான். நோ கொடுத்துவிட்டு என்னிடம் வந்தான். தனி டைப் உருவாக்கலாம்தான், ஆனால் அது ஷெட்யூலில் தெரியும். அதனால் அவன் சொன்ன வழி: அந்த டேகை எடுத்துவிட்டு, அதே ஃபான்ட்டில், அதே அளவில், ஒரு டெக்ஸ்ட் நோட், அதாவது கதவோடு இணைப்பில்லாமல் கையால் அடிக்கும் எழுத்து.

நான் மறுத்ததற்குக் காரணம் இருந்தது. டேக் ஒரு கண்ணாடி. டெக்ஸ்ட் நோட் கண்ணாடியில் ஒட்டி வைத்த பொட்டு. முகம் நகர்ந்தாலும் அது அங்கேயே இருக்கும். நாளைக்குக் கதவு மாறினாலும் அந்த 90 மாறாது, பார்க்கிறவர் அதையும் டேக் என்றே நம்புவார். அதிலும் தீ தொடர்பான எண். இதற்கு ஒப்புக்கொண்டால் நான் லீடாக இருந்து என்ன பயன்?

ரிவிஷன் கிளவுட் (மாற்றம் வரும் இடத்தைச் சுற்றி வரையும் மேகக் கோடு) போட்டு 'பரிசீலனையில்' என்று எழுதலாமா என்று கேட்டுப் பார்த்தேன். பெர்மிட் செட்டில் திறந்த கேள்வி இருக்கக் கூடாது என்றார் கோஆர்டினேட்டர். கடைசியில் மாடலில் இருந்தபடி 60 என்றே போனது. அதை மெயிலிலும் தெளிவாக எழுதினேன்.

பிறகு முடிவு வந்தது. படிக்கட்டு பேஸ்மென்ட்டுக்கு இறங்குகிறது. நான்கு தளம், 90 நிமிடம். பிளான் ரிவ்யூவர் அந்தக் கதவைச் சிவப்பில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்.

அப்படியானால் அந்த டெக்ஸ்ட் நோட்தான் சரியான தாளாக இருந்திருக்கும். இதை எனக்குள் பல விதமாக வாதாடிப் பார்த்துவிட்டேன். 60 என்று முடிவாகியிருந்தால்? அப்போது அவன் ஒட்டிய 90-ஐ யார் தேடி எடுத்திருப்பார்கள்? இந்த வாதம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அவன் எடுத்திருப்பான் என்பதும் எனக்குத் தெரியும். எச்சரிக்கையைப் படித்துவிட்டு நிறுத்தினவன்.

நான் ஆட்டோகேட் என்ற வரைவு மென்பொருளில் வேலை கற்றவள். அங்கே டைமென்ஷனில் (அளவைக் காட்டும் கோட்டில்) உண்மை அளவை மறைத்து எந்த எண்ணையும் அடிக்கலாம், நாங்களும் அடித்தோம். ரெவிட் அதில் எண்ணை ஏற்காது, விளக்கச் சொல்லாக எழுது என்று திருப்பும். ஒரு மென்பொருள் பிடிவாதம் பிடிப்பதைப் பார்த்து நானும் பிடிவாதத்தைக் கற்றுக்கொண்டேனோ என்னவோ. அதே ஆட்டோகேடில் இன்னொன்றும் உண்டு. அறையின் பரப்பளவை ஃபீல்டாக (வரைபடத்தோடு இணைந்து தானாக மாறும் எண்ணாக) வைத்த டெக்ஸ்ட்டை மட்டும் பக்கத்து அறைக்கு காப்பி செய்தால், அது முதல் அறையின் பரப்பளவையே காட்டிக்கொண்டிருக்கும். இணைப்பு அறுந்திருக்காது. முதல் அறையின் எல்லைக் கோட்டை மாற்றினால் இரண்டாவது அறையில் உட்கார்ந்துகொண்டு ஒழுங்காகப் புதுப்பித்துக்கொள்ளும். தப்பான அறையில், சரியான இணைப்போடு.

அன்றைய 60-ம் அப்படித்தான். கதவில் இருந்ததை டேக் அப்படியே சொன்னது. கதவில் என்ன இருக்க வேண்டும் என்பது இன்னும் முடிவாகியிருக்கவில்லை. நான் காப்பாற்றியது இணைப்பை. இணைப்பைக் காப்பாற்றுவதுதான் என் வேலை என்று இன்றும் நினைக்கிறேன், பாதி நேரம்.

ஷெட்யூலை மாற்றியே தீருவேன் என்று கோஆர்டினேட்டரிடம் சண்டை போட்டிருக்க வேண்டும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். முடிவாகாத கதவுக்கு சப்ளையரை உலுக்குவதா? அதற்கும் எனக்கு அதிகாரமில்லை.

அப்புறம் ஆபீஸ் ஸ்டாண்டர்டில் 'டேக் வர வேண்டிய இடத்தில் டெக்ஸ்ட் நோட் கூடாது' என்று ஒரு வரி சேர்த்தேன். அதன் கீழே அவன் கமென்ட் போட்டிருக்கிறான்: 'மாடலே இன்னும் முடிவாகலன்னா?' லீடிடம் கேட்கவும் என்று எழுதப் போய் அழித்துவிட்டேன். லீட் நான்தானே. அடுத்த பெர்மிட் செட் வருவதற்குள் அங்கே ஏதாவது எழுதியாக வேண்டும்.