எஃப்1 அழுத்தினால் போதும் என்றிருந்தேன்

டிசம்பர் கடைசியிலிருந்து எங்கள் வீட்டுக் கணினி, திறக்கும்போதெல்லாம் கறுப்புத் திரையில் இரண்டு வரி காட்டி எஃப்1 விசையை அழுத்தச் சொல்லிக்கொண்டிருந்தது. அழுத்துவேன், போய்விடும். அந்த இரண்டு வரியில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் படித்ததில்லை. விண்டோஸுக்குப் பதில் புதிதாகப் போட்ட லினக்ஸ் இயங்குதளத்தின் குணம் இதுதான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். புது மருமகள் வந்த வாரம் பால் திரிந்தால் அவள் தலையில் போடுவோமே, அந்த மாதிரி.

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கு எழுதுபவள். செக்ரோல் என்ற ஆள் வருகைப் பதிவு, சம்பளக் கணக்கு, குலை எடை எல்லாம் கணினியில்தான் போகிறது என்றாலும், அலுவலகத்தில் எதையும் நான் நிறுவியதில்லை. யாராவது வந்து போட்டுக் கொடுப்பார்கள். வீட்டில் இருப்பது 2013-இல், மகன் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது வாங்கியது. மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ5, 4 ஜிபி நினைவகம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-ஓ எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருக்கும் இன்டெல்லைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஓடுகிற பெட்டியைத் தூக்கிப் போட மனசு வரவில்லை.

தீபாவளிக்கு வந்த மகன், லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் 22.2 இருக்கும் பென்டிரைவை மேசையில் வைத்து, "பொறுமையா செய்ங்கமா, ஒன்னும் ஆகாது" என்று சொல்லிவிட்டு கோலாலம்பூருக்குப் பஸ் ஏறிவிட்டான். ஆண்டிறுதி விடுமுறையில்தான் உட்கார்ந்தேன். அதற்கு முந்தின வாரம் ஒரு பெரிய இடி. மோடம் புகைந்துபோனது. அன்றிலிருந்து வானம் கறுத்தாலும் கறுக்காவிட்டாலும், இரவு படுக்கும் முன் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. இது ஞாபகம் இருக்கட்டும், பின்னால் வரும்.

மோடம் இல்லாததால் இணையம் இல்லாமலேயே நிறுவினேன். உலக வரைபடத்தைக் காட்டி எந்த ஊர் என்று கேட்டது. அதுவாகவே நியூயார்க்கில் புள்ளி வைத்திருந்தது. நான் 'தொடர்' பொத்தானை அழுத்திவிட்டேன். எல்லாம் முடிந்து திரை வந்தபோது மூலையில் கடிகாரம் தப்பு. ஊரை மாற்றியிருக்க வேண்டும். நான் செய்தது என்ன? நேரத்தை இணையத்திலிருந்து தானாக எடுக்கும் வசதியை அணைத்துவிட்டு, கையால் மணியைத் திருத்தினேன், சுவர்க் கடிகாரத்தின் முள்ளைத் திருப்புவது போல. மறுநாள் திறந்தால் மறுபடியும் தப்பு. மறுபடியும் திருத்தினேன். அந்தக் கடிகாரம் மணியை மட்டும்தான் காட்டியது, தேதியைக் காட்டவில்லை. நானும் தேதியைப் பார்க்கவில்லை.

இந்த நிலையில்தான் தைப்பூச நோட்டீஸ் வந்தது. தோட்டத்து மாரியம்மன் கோயிலிலிருந்து ஆண்டுதோறும் ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் பஸ் விடுவார்கள். 2026-இல் தைப்பூசம் பிப்ரவரி 1, ஞாயிறு. பஸ் புறப்படும் நேரம், கட்டணம், காவடி எடுப்பவர்கள் பெயர் கொடுக்க வேண்டிய கடைசி நாள் எல்லாம் போட்டு 120 நோட்டீஸ். ஜனவரி 11 ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கொடுக்க வேண்டும். வியாழன் இரவு பக்கத்தின் ஓரக்கோடு, மேலே வேல் படம், கீழே பொடி எழுத்தில் தேதி என்று சட்டத்தைப் போட்டு வைத்தேன். தேதியை நான் தட்டச்சு செய்யவில்லை, லிப்ரே ஆபீஸ் என்ற எழுதும் மென்பொருளில் 'தேதியைச் செருகு' என்று ஒரு வசதி இருந்தது. பெருமையாக அதை அழுத்தினேன்.

தமிழ்த் தட்டச்சுக்கு மென்பொருள் நிறுவ வேண்டும். வெள்ளி இரவு கைப்பேசியை யுஎஸ்பி கம்பியில் மாட்டி அதன் இணையத்தைக் கணினிக்குக் கொடுத்தேன். அதே கைப்பேசியில் மகன், ஒலிபெருக்கியில்.

"டெர்மினலைத் திறங்கமா. சூடோ, ஒரு இடம் விடுங்க, ஆப்ட், இடம் விடுங்க, அப்டேட்."

டெர்மினல் என்பது கட்டளைகளைத் தட்டும் சன்னல், ஆப்ட் என்பது மென்பொருளை இறக்கி நிறுவும் கருவி. கடவுச்சொல் கேட்டது. தட்டினேன். எழுத்து எதுவும் வரவில்லை, வெறும் நட்சத்திரக் குறிகள். விசைப்பலகை போய்விட்டதோ என்று தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினேன். ரொட்டித் தூள் விழுந்தது. "அது காட்டாதுமா, நீங்க தட்டிட்டு என்டர் போடுங்க." இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

வரிகள் ஓடின. கடைசியில் நின்றன. 'ஈ' என்று தொடங்கும் பிழை வரிகள். மகனுக்கு முதல் பாதியைப் படித்துக் காட்டினேன். "ஓ, சர்வர்ல ஏதோ. மிரரை மாத்துவோம்." மென்பொருள் எங்கிருந்து இறங்க வேண்டும் என்ற பட்டியலில் வேறொன்றைத் தேர்ந்தெடுத்தோம். அதே பிழை. இன்னொன்று. அதே பிழை. அவனுக்கு மறுநாள் தேர்வு. "நாளைக்குப் பார்ப்போம்மா" என்று வைத்துவிட்டான்.

தூக்கம் வரவில்லை. கோப்பி கலக்கிக்கொண்டு வந்து அந்த வரியைக் கடைசிவரை படித்தேன், சம்பளச் சீட்டில் பிழை தேடுவதுபோல ஒவ்வொரு சொல்லாக. ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை, செல்லுபடியாக இன்னும் 210 நாள், அப்புறம் சில மணி நேரம் ஆகும் என்று இருந்தது.

210 நாள்! எனக்கு நாள் கணக்கு என்றால் கை தானாக நாட்காட்டிக்குப் போகும். ஆட்கள் வேலைக்கு வந்த நாளைக் கூட்டிக் கழித்தே வயதாகிவிட்டது. ஜனவரி 9-இலிருந்து பின்னால் எண்ணினேன். டிசம்பர், நவம்பர், அக்டோபர் என்று போய் 2025 ஜூன் 13-இல் நின்றது. மூலையில் இருந்த கடிகாரத்தைச் சொடுக்கினேன். நாட்காட்டி விரிந்தது. ஜூன் 13.

அப்படியே உட்கார்ந்திருந்தேன். சர்வர் சரியாகத்தான் இருந்திருக்கிறது. எங்கள் வீட்டுப் பெட்டிதான் போன வருடத்தில் இருந்திருக்கிறது.

மறுநாள் மகன் விளக்கினான். ஆப்ட் இறக்கும் மென்பொருள் பட்டியலில் மின்கையொப்பம் இருக்கும், அது தயாரான தேதியும் இருக்கும். தேதி எதிர்காலத்தில் இருந்தால் ஆப்ட் அதை நம்பாது. எனக்கு உடனே புரிந்தது. இன்றைய செக்ரோலில் நாளைக்கும் ஆள் வந்ததாகக் குறித்திருந்தால் எந்த மேலாளர் கையெழுத்துப் போடுவார்? அந்தப் பட்டியல் ஜனவரியில் கையெழுத்தானது. ஜூனில் உட்கார்ந்திருந்த என் கணினிக்கு அது கள்ளக் கணக்கு.

ஜூன் 13 எங்கிருந்து வந்தது? எஃப்1 அழுத்தாமல், பயாஸ் என்ற, கணினியைத் திறந்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளின் நீலத் திரைக்குள் போய்ப் பார்த்தேன். அங்கே 2009 ஜனவரி 1. கணினிக்குள் ஒரு காசு அளவு பேட்டரி இருக்கிறது, சி.ஆர். 2032. மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை அதுதான் ஓட்டுகிறது. பிளக் மாட்டியிருக்கும்வரை, கணினி அணைந்திருந்தாலும் சுவரிலிருந்து வரும் கொஞ்சம் மின்சாரமே கடிகாரத்துக்குப் போதும். பேட்டரி என்றைக்கோ செத்திருக்கிறது, தெரியவில்லை. இடிக்குப் பயந்து நான் இரவில் பிளக்கைப் பிடுங்க ஆரம்பித்தபிறகுதான் கடிகாரத்துக்கு நாதியில்லாமல் போனது. எஃப்1 வரிகளும் அந்த வாரம்தான் தொடங்கின. பேட்டரி தீர்ந்தது, தேதியைச் சரிசெய் என்றுதான் அவை சொல்லிக்கொண்டிருந்தன. லினக்ஸுக்கோ, தான் பிறப்பதற்கு முந்தின தேதியை நம்புகிற வழக்கம் இல்லை. 2009 என்று பயாஸ் சொன்னதும், இதற்கு முன்னால் நான் இருந்திருக்கவே முடியாது என்று தன்னைத் தொகுத்த நாளுக்குக் கடிகாரத்தைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் ஒவ்வொரு காலையும் அதே ஜூன் 13. இதைக் கேட்டபோது அந்தப் பெட்டியின்மேல் எனக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது.

சரி, முதலில் செய்ய வேண்டியதைச் செய்தோம். தானாக நேரம் எடுக்கும் வசதியை மறுபடி போட்டு, நியூயார்க்கிலிருந்து கோலாலம்பூருக்கு வந்தோம். கைப்பேசி இணையம் கிடைத்ததும் கடிகாரம் கண்ணெதிரே தாவியது. ஆப்ட் அப்டேட், ஒரு பிழையும் இல்லை.

நேரம் என்றதும் அம்மா சொல்லும் ஒரு கதை. 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரைக்குத் தீபகற்பம் முழுவதும் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தார்கள், சபா சரவாக்கோடு நேரம் ஒன்றாக வேண்டும் என்று. அப்பா அப்போது ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுபவர். காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் எடுக்கும் பெரட்டு மணி மட்டும் கடிகாரத்தில் அதே எண்ணில் நின்றது, அதனால் புத்தாண்டிலிருந்து அரை மணி கூடுதல் இருட்டில் எழுந்து போனாராம். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பாதிப் பேர் கடிகாரத்தை மாற்றாமல் வைத்திருந்து வேலையை மேற்பார்க்கும் தண்டலிடம் ஏச்சு வாங்கினார்களாம். அந்த அரை மணிகூட லினக்ஸின் நேர மண்டலக் கோப்பில் பதிந்திருக்கிறது என்று மகன் சொன்னான். அம்மாவிடம் சொன்னேன். "எங்க வயித்தெரிச்சல்லாம் அதுல இருக்கா?" என்று கேட்டுவிட்டு முருங்கைக் கீரை ஆயப் போய்விட்டார்.

சனிக்கிழமை பசியாறிவிட்டு டவுனுக்குப் போய், காக்கி லீமா என்ற கடையோர நடைபாதையில் கடிகாரம் பழுது பார்க்கும் அண்ணனிடம் பேட்டரி வாங்கினேன். விலை ஐந்து வெள்ளி (ரிங்கிட்). "கார் சாவிக்கா தங்கச்சி?" "கம்ப்யூட்டருக்குண்ணே." அவர் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. வீட்டுக்கு வந்து பிளக்கைப் பிடுங்கி, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே பன்னிரண்டு வருடத் தூசி, இரண்டு பல்லி முட்டை ஓடு, மகனின் தொலைந்துபோன ஒரு ரப்பர். (அது எப்படி உள்ளே போனது என்பதற்கு அவனிடம் இன்றுவரை பதில் இல்லை.) பேட்டரியை ஒரு சின்னக் கொக்கி பிடித்திருந்தது. கொக்கியை நகத்தால் தள்ளினால் பேட்டரி துள்ளி வரும். கூட்டல் குறி மேலே பார்க்கும்படி புதியதை வைத்தேன். தொடும் முன் பெட்டியின் இரும்பைக் கையால் தொட்டுக்கொள்ளச் சொன்னான், உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கட்டும் என்று. பயாஸில் தேதியைச் சரிசெய்தேன். எஃப்1 வரிகள் அதற்குப்பின் வரவில்லை.

அன்று மாலை தமிழ்த் தட்டச்சுக்கான ஐபஸ், அதனோடு எம்17என் தொகுப்பு இரண்டையும் நிறுவிக்கொண்டிருந்தபோது இடி இடித்தது. கை பழக்கத்தில் பிளக்கைப் பிடுங்கிவிட்டது. நிறுவல் பாதியில். திரும்பப் போட்டால், நிறுவும் வேலையைச் செய்யும் டிபிகேஜி இடையில் நின்றுவிட்டது, இன்ன கட்டளையைக் கொடு என்று அதுவே சொன்னது. இந்தமுறை முழுவதும் படித்தேன். சூடோ, டிபிகேஜி, இரண்டு கோடு ஒட்டி கான்ஃபிகர், இடம் விட்டு ஒரு கோடு ஏ. பாதியில் விட்டதை எல்லாம் அடுக்கி முடித்தது. மகனைக் கூப்பிடவே இல்லை.

நிறுவிய பிறகும் தமிழ் வரவில்லை. உள்ளீட்டு முறையாக ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வந்தபின்தான் பட்டியலில் தமிழைச் சேர்க்க முடிந்தது. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு அஞ்சலில்தான் நான் தட்டச்சு பழகினேன். அதற்கு நெருக்கமாக ஒலிப்பு முறை ஒன்று இருந்தது, சில எழுத்துகளுக்கு மட்டும் விரல் தடுமாறியது. போன வருட நோட்டீஸைத் திறந்து ஊர்ப் பெயர்களை ஒட்டிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். அது யூனிகோடுக்கு முந்தின எழுத்துருவில் அடித்தது. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த பழைய வித்தை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் குப்பை. எல்லாவற்றையும் புதிதாக அடித்தேன். அச்சுப்பொறியைப் பற்றித்தான் ரொம்பப் பயந்தேன். கம்பியை மாட்டினேன், தானாகவே வந்துவிட்டது. நள்ளிரவுக்குள் 120 தாள்.

ஞாயிறு கோயில் மண்டபத்தில் நோட்டீஸ் கட்டைத் தலைவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார். பஸ் நேரம் சரி, கட்டணம் சரி. அடியில் வந்து நின்றார்.

"என்னா கிராணியம்மா, போன ஜூன் மாசமே அடிச்சிட்டீங்களா? இத்தனை மாசமா ஏன் குடுக்கல?"

பொருளாளர் இரும்பு ரூலரும் பிளேடும் எடுத்துவந்தார். நாலு பேர் தரையில் உட்கார்ந்து, 120 தாளிலும் கீழே அரை அங்குலத்தை வெட்டி எடுத்தோம்.